தடத்தின் கடைசியில் தோட்டத்து வீடு: வாங்கும் முன்பும் குடியேறிய பின்பும்

கொங்குப் பக்கம் தோட்டத்துக்குள் வீடு என்றால் பெரும்பாலும் அது ஒரு தடத்தின் கடைசியில்தான் இருக்கும். தார் ரோட்டிலிருந்து பிரியும் வண்டித்தடம் நாலைந்து தோட்டங்களைத் தொட்டுக்கொண்டு போய், கடைசித் தோட்டத்து வாசலோடு முடிந்துவிடும். அதற்கு மேல் வழி கிடையாது. இப்படிப்பட்ட இடத்துக்கு ரோட்டோர இடத்தைவிட விலை குறைவு. ஏன் குறைவு என்று புரிந்துகொண்டு வாங்குபவருக்கு அது லாபம். புரியாமல் வாங்கினால், மிச்சம் பிடித்த பணம் வக்கீலுக்கும் கிராவலுக்கும் போய்ச் சேரும்.

இங்கே சொல்வது கோவை, திருப்பூர், ஈரோடு வட்டாரத்தை மனதில் வைத்து. பத்திரம், பட்டா சமாச்சாரமெல்லாம் தமிழ்நாடு முழுக்கப் பொருந்தும்.

முதலில் நல்லதைப் பேசிவிடலாம்

குறுக்கு வழியாகப் போகிற வண்டி ஒன்றுகூட உங்கள் வாசலைக் கடக்காது. மண் தடத்தில் அது பெரிய விஷயம். நாள் முழுக்க வண்டி ஓடும் மண் ரோட்டோரம் காய்கறி வைத்தவர்களைக் கேட்டால் தெரியும், இலை மேல் புழுதி படிந்து செம்பேன் எப்படி ஏறுகிறது என்று. கடைசித் தோட்டத்தில் அந்தத் தொல்லை குறைவு. கோழியை அவிழ்த்து விடலாம், குழந்தைகள் தடத்திலேயே சைக்கிள் பழகலாம். நெல்லோ மக்காச்சோளமோ தடத்தின் ஓரம் காயப் போட்டால் யாரும் ஹாரன் அடிக்கப்போவதில்லை.

இன்னொன்று, தெரியாத ஆள் வந்தால் உடனே தெரிந்துவிடும். வேலை இருப்பவர் தவிர யாரும் வராத தடத்தில் புது பைக் சத்தம் கேட்டாலே முதல் தோட்டத்து நாய் குரைக்கும், அந்த வீட்டு அம்மா எட்டிப் பார்ப்பார். ஆனால் இந்தப் பாதுகாப்பு, முன்னால் இருக்கும் தோட்டங்களில் ஆள் குடியிருக்கும்வரைதான். அவர்கள் வீட்டைப் பூட்டிவிட்டுத் திருப்பூருக்குக் குடிபோய்விட்டால், அதே தடம் யார் கண்ணிலும் படாமல் உங்கள் வீட்டுக்கு வரும் வழியாக மாறிவிடும். எனவே இடம் பார்க்கப் போகும்போது மண்ணையும் தண்ணீரையும் மட்டும் பார்க்காமல், தடத்தில் எத்தனை வீட்டில் இரவு விளக்கு எரிகிறது என்றும் பாருங்கள்.

தடம் யாருடையது?

எல்லாத் தகராறும் இங்கேதான் ஆரம்பம். "நாப்பது வருசமா இதுலதானுங்க போறோம்" என்று விற்பவர் சொல்வார். அது உண்மையாகவே இருக்கும். ஆனால் போய்வந்தது வேறு, போய்வர உரிமை இருப்பது வேறு.

வருவாய்த் துறையின் இணையதளத்தில் பட்டா, அ-பதிவேடு (எந்த சர்வே எண் யாருடையது, என்ன வகை நிலம் என்று சொல்லும் கிராமப் பதிவேடு), எஃப்.எம்.பி. எனப்படும் புலப்படம் மூன்றையும் எடுக்கலாம். வாங்கப்போகும் சர்வே எண்ணுக்கு மட்டும் எடுத்தால் போதாது. தார் ரோட்டிலிருந்து உங்கள் வாசல்வரை தடம் தொடும் ஒவ்வொரு சர்வே எண்ணுக்கும் எடுங்கள். கிராம வரைபடத்தை வைத்து அந்த எண்களை வரிசையாக எழுதிக்கொண்டால் ஒன்றும் விட்டுப்போகாது.

இதில் மூன்று நிலை வரும்.

தடத்துக்கே தனி சர்வே எண் இருந்து, அ-பதிவேட்டில் வண்டிப்பாதை புறம்போக்கு என்று பதிவாகியிருந்தால் நிம்மதி. அது அரசு நிலம், யாரும் அடைக்க முடியாது. அடைத்தாலும் தாசில்தாரிடம் மனு கொடுத்து ஆக்கிரமிப்பை எடுக்கச் சொல்லலாம். ஆனால் படத்தில் இருக்கும் அகலம் தரையில் இருக்கிறதா என்று அளந்து பார்க்க வேண்டும். இருபுறமும் வேலி வருசத்துக்கு ஒரு சாண் நகர்ந்து, 16 அடிப் பாதை 9 அடியான கதை ஏராளம்.

ஒருவரின் பட்டா நிலத்துக்குள் விட்டுவிட்டுப் போட்ட இரட்டைக் கோடாகப் பாதை காட்டப்பட்டிருந்தால் கவனம். அளந்த காலத்தில் அங்கே வண்டி ஓடிக்கொண்டிருந்தது என்பதற்கு அது சாட்சி. நிலம் பட்டாதாரருடையதுதான். பழக்கத்தை நிரூபிக்க அந்தப் படம் உதவும், ஆனால் அதுவே உரிமைப் பத்திரம் ஆகாது.

படத்தில் ஒன்றுமே இல்லை, தரையில் மட்டும் தடம் இருக்கிறது என்றால், அது யாரோ ஒருவருடைய தயவில் ஓடுகிறது. 1882-ம் ஆண்டு ஈஸ்மெண்ட் சட்டப்படி 20 வருடம் தடையில்லாமல், வெளிப்படையாக, உரிமையோடு பயன்படுத்தி வந்தால் பாதை உரிமை கோரலாம்; அரசு நிலமானால் 30 வருடம். "உரிமையோடு" என்பதில்தான் பலர் தோற்கிறார்கள். பக்கத்துத் தோட்டக்காரரிடம் கேட்டு, அவர் சரி என்று சொல்லிப் போய்வந்திருந்தால் அது அனுமதி. அனுமதியில் எத்தனை வருடம் நடந்தாலும் உரிமை ஆகாது. வேறு வழியே இல்லாத நிலத்துக்கு அவசியப் பாதை என்று அதே சட்டம் ஓர் உரிமை தருகிறது. ஆனால் அது ஒரே உரிமையாளரின் நிலம் விற்பனையாலோ பாகத்தாலோ பிரிந்து, அதனால் வழி அடைபட்டிருந்தால் மட்டும் பொருந்தும். அப்படிக் கிடைத்தாலும், பின்னால் வேறு வழி வந்துவிட்டால் அந்த உரிமை போய்விடும்.

நான்காவதாக ஒன்று உண்டு, இந்தப் பக்கத்துக்கே உரியது: வாய்க்கால் கரை. கீழ்பவானி, பி.ஏ.பி. (பரம்பிக்குளம்-ஆழியாறு பாசனத் திட்டம்) வாய்க்கால் கரையிலேயே வண்டி ஓட்டி வீட்டுக்குப் போகிறவர்கள் நிறைய. கரை நீர்வளத் துறையின் நிலம். கரையைப் பராமரிக்கவும் தண்ணீர் பார்க்கவும் போட்ட வழி அது. இன்றைக்குக் காரில் போகலாம். வாய்க்கால் வேலை நடக்கும்போது மாதக்கணக்கில் மூடலாம், கேட்க முடியாது. கரைப் பாதையை மட்டும் நம்பி வீடு கட்ட வேண்டாம்.

பத்திரப் பதிவுத் துறையில் வில்லங்கச் சான்று போடும்போதும் தடத்தின் சர்வே எண்களையும் சேர்த்து 30 வருடத்துக்குப் போடுங்கள். பெரும்பாலோர் இதைச் செய்வதில்லை. முன்னால் இருக்கும் தோட்டம் அண்ணன் தம்பிக்குள் பாகம் பிரிந்திருக்கிறதா, அந்தப் பாகப்பிரிவினையில் தடத்தை எத்தனை அடி என்று எழுதினார்கள், "கால்நடையும் ஏர் உழவும் போக" என்று மட்டும் எழுதினார்களா, எல்லாம் அதில்தான் தெரியும்.

பத்திரத்தில் எழுத வேண்டியது

பழைய பத்திரங்களில் "மாமூல் தட பாத்தியம் உள்பட", அதாவது வழக்கமான வழி உரிமையும் சேர்த்து, என்ற நான்கு சொல்லோடு முடித்துவிடுவார்கள். அந்தக் காலத்தில் போதும், எல்லோரும் சொந்தக்காரர். இப்போது போதாது. அகலம் எவ்வளவு, எந்த வண்டி போகலாம், குழாய் பதிக்கலாமா என்று எதற்கும் அதில் பதில் இல்லை. கிரயப் பத்திரத்தின் சொத்து விவரத்தில் கீழே உள்ளது போல எழுதச் சொல்லுங்கள்:

"மேற்படி சொத்துக்கு, வடக்கே உள்ள ஊராட்சித் தார்ச்சாலையிலிருந்து சர்வே எண் ___, ___, ___ நிலங்களின் கிழக்கு ஓரமாக, தென்வடலாக 16 அடி அகலமும் ___ அடி நீளமும் உள்ள தடத்தில், ஆட்கள், கால்நடை, டிராக்டர், கார், லாரி உள்ளிட்ட சகல வாகனங்களும் எக்காலத்திலும் போக வரவும், தடத்தின் அடியில் குடிநீர், பாசனக் குழாய்களும் கேபிள்களும் பதிக்கவும், ஓரத்தில் மின்கம்பம் நட்டு மேலே மின்கம்பி கொண்டு செல்லவும், தடத்தைச் செப்பனிடவும், வாங்குபவருக்கும் அவர் வாரிசுகளுக்கும் அவரிடமிருந்து பெறுபவர்களுக்கும் உள்ள பாத்தியம் உள்பட."

விற்பவருக்குச் சொந்தமான நிலத்தில் தடம் இருந்தால் இது செல்லும். தடம் மூன்றாம் ஆளின் நிலத்தில் இருந்தால், விற்பவர் எழுதிக் கொடுப்பது அந்த நிலத்துக்காரரை ஒன்றும் கட்டுப்படுத்தாது. அந்த மூன்றாம் ஆளே தனியாக ஒரு பாதை உரிமைப் பத்திரம் எழுதிப் பதிவு செய்து தர வேண்டும். இன்னும் உறுதி வேண்டுமென்றால் தட நிலத்தையே கிரயம் வாங்கிவிடுவது. 12 அடி அகலம், 300 அடி நீளம் என்றால் 3,600 சதுர அடி, அதாவது எட்டேகால் சென்ட். எல்லாத் தோட்டக்காரர்களும் சேர்ந்து பிரிபடாத பாகமாக வாங்கினால் ஆளுக்கு இரண்டு மூன்று சென்ட் காசுதான் ஆகும். முன்பணம் கொடுப்பதற்கு முன்னால் இதைப் பேசுங்கள். கிரயம் முடிந்தபின் கேட்டால், அந்த எட்டு சென்ட்டின் விலை உங்கள் அவசரத்தைப் பார்த்துத்தான் வைக்கப்படும்.

தனியார் நிலத்துத் தடத்தில் தகராறு வந்தால் விஏஓ, தாசில்தார், போலீஸ் மூவராலும் பேசித்தான் பார்க்க முடியும். உரிமையை முடிவு செய்வது சிவில் கோர்ட்டு.

அகலமும் திருப்பமும்

சட்டப்படி ஒரு லாரி 2.6 மீட்டர்வரை அகலம் இருக்கலாம், எட்டரை அடி. கண்ணாடி இருபுறமும் நீட்டிக்கொண்டிருக்கும். நேர்த் தடத்துக்கு 12 அடி வெற்றகலம் வேண்டும், வேலிக்கும் வேலிக்கும் இடையில். எதிரெதிரே வண்டி வந்தால் ஒதுங்க, 300 அடிக்கு ஓரிடத்தில் 18 அடியாவது இருக்க வேண்டும். இல்லாவிட்டால் யாராவது ஒருவர் ரிவர்ஸ் எடுத்தே பழக வேண்டியதுதான்.

அளக்க எளிய வழி: 12 அடி மூங்கில் ஒன்றை இரண்டு பேர் இரு முனையிலும் பிடித்துக்கொண்டு, தடத்தின் குறுக்கே படுக்கையாக வைத்து, தார் ரோட்டிலிருந்து வாசல்வரை நடந்து வாருங்கள். மூங்கில் முட்டும் இடத்திலெல்லாம் சுண்ணாம்பு போடுங்கள். வேலிக்கல்லா, கிளுவை வேலியா, வேப்ப மரமா, மின்கம்பமா என்று குறித்துக்கொள்ளுங்கள். கிளுவையை வெட்டிச் சரி செய்யலாம், கம்பத்தை நகர்த்த எஸ்டிமேட் கட்ட வேண்டும், வேலிக்கல்லை நகர்த்த அதன் சொந்தக்காரர் மனது வைக்க வேண்டும். மேலேயும் பாருங்கள். போர்வெல் வண்டியும் சோளத்தட்டு ஏற்றிய லாரியும் 13, 14 அடி உயரத்துக்கு வரும். ரோட்டைக் கடக்கும் தாழ்வழுத்தக் கம்பி 19 அடி உயரத்தில் இருக்க வேண்டும் என்பது விதி. தோட்டத்து மோட்டாருக்கு இழுத்த சர்வீஸ் வயர் எந்த விதியையும் பார்ப்பதில்லை.

முடக்கு, அதாவது தடம் தொண்ணூறு டிகிரி திரும்பும் மூலைதான் பெரும்பாலும் வண்டியை நிறுத்தும். 12 அடித் தடத்தில் செங்குத்தாகத் திரும்பினால் டிராக்டர் டிரெய்லர் எப்படியோ போய்விடும், லாரியின் பின்சக்கரம் உள்மூலையில் ஏறும். உள்மூலையில் பத்தடிக்குப் பத்தடி முக்கோணத்தைச் சீவிக் கொடுத்தால் பிரச்சினை தீரும். அது 50 சதுர அடி, ஒரு சென்ட்டில் எட்டில் ஒரு பங்குகூட இல்லை. அந்தத் துண்டைக் காசு கொடுத்தே வாங்கிவிடுங்கள்.

கடைசியில் வண்டி திருப்ப இடம் உங்கள் நிலத்துக்குள்தான் விட வேண்டும், வேறு யாரும் தர மாட்டார்கள். வட்டமாகத் திருப்ப சிறிய லாரிக்கே 50 அடி விட்டம் வேண்டும், கிட்டத்தட்ட நாலரை சென்ட். அவ்வளவு இடம் விட மனமில்லாவிட்டால், தடத்துக்குப் பக்கவாட்டில் 15 அடி அகலம், 40 அடி நீளத்தில் ஒரு கை மட்டும் விடுங்கள். வண்டி நேராக வந்து, பின்பக்கமாக அந்தக் கைக்குள் போய், திரும்பி வெளியேறும். ஒன்றரை சென்ட்டுக்குள் அடங்கிவிடும். இந்தக் கையில் செப்டிக் டேங்கோ தண்ணீர்த் தொட்டியோ கட்டாதீர்கள். மூடி மேல் லாரி ஏறி உடைந்தது நிறைய இடத்தில் நடந்திருக்கிறது.

கட்டுமானத்தின்போது வண்டி வராத தடம் செலவை எப்படி ஏற்றும் என்பதையும் கணக்கில் வையுங்கள். எம்-சாண்டும் ஜல்லியும் தார் ரோட்டில் கொட்டப்பட்டு, டிராக்டரில் மறுபடி ஏற்றி வர வேண்டும். ரெடிமிக்ஸ் வண்டி வரவே வராது, தளத்துக்கு மிக்ஸர் மெஷின்தான்.

தண்ணீர் எங்கே போகிறது

தடம் முடியும் இடம் மேடா, பள்ளமா? கடைசி வீட்டுக்காரருக்கு இதைவிட முக்கியமான கேள்வி கிடையாது. தடம் உங்களை நோக்கிச் சரிந்தால், மழைத் தண்ணீர் முழுக்க உங்கள் வாசலுக்கு வந்து நிற்கும். அதற்கும் அப்பால் போக வழி இருக்காது. 12 அடி அகலம், 300 அடி நீளத் தடத்தில் ஒரு அங்குல மழை பெய்தால் தடத்தின் பரப்பில் மட்டும் 8,500 லிட்டர். இருபுறத் தோட்டமும் வடிந்தால் அது பல மடங்கு. பழைய இட்டேரிகள், அதாவது இருபுறமும் வேலி அடைத்த தடங்கள், பெரும்பாலும் இருபுற நிலத்தைவிடத் தாழ்ந்தே இருக்கும், பல தலைமுறையாக வண்டிச் சக்கரம் அரைத்து மண் ஓடியதால். மழை பெய்தால் அது தடம் இல்லை, ஓடை.

ஆகவே ஐப்பசி, கார்த்திகையில் நல்ல மழை பெய்த மறுநாள் காலையில் இடத்தைப் பாருங்கள். பங்குனியில் எல்லாத் தடமும் நல்ல தடம்தான்.

சொந்தமாகத் தடம் போடுவதானால் முறை இது:

1. மேல் மண்ணை ஆறு அங்குலம் வழித்து எடுத்துவிடுங்கள். வேரும் இலையும் கலந்த மண் மேல் கிராவல் கொட்டினால் ஒரே மழையில் அமுங்கும். கரிசலாக இருந்தால் இன்னும் ஆறு அங்குலம் எடுத்து, கல் கலந்த சரளையோ கிரஷர் கழிவோ நிரப்ப வேண்டும். கரிசல் ஈரத்தில் உப்பும், காய்ந்தால் வெடிக்கும். மேலே எதைப் போட்டாலும் அதோடு சேர்ந்து ஆடும்.

2. நடுவை உயர்த்துங்கள். 12 அடித் தடத்துக்கு ஓரத்தைவிட நடு மூன்று அங்குலம் உயரமாக இருக்க வேண்டும். ஜேசிபி ஓட்டுபவரிடம் சொல்லாவிட்டால் தட்டையாகத் தேய்த்துவிட்டுப் போய்விடுவார், தண்ணீர் சக்கரப் பள்ளத்திலேயே ஓடும்.

3. ஓரத்தில் ஒன்றரை அடி அகலம், ஒரு அடி ஆழத்தில் வடிகால். நீண்ட சரிவானால் 100 அடிக்கு ஓரிடத்தில் தடத்தின் குறுக்கே சாய்வாக நாலைந்து அங்குலத் திண்டு போட்டுத் தண்ணீரை வெளியே திருப்பிவிடுங்கள். திண்டு அகலமாக, மூன்றடியாவது இருந்தால் காரின் அடி தட்டாது.

4. கிராவலை மூன்று அங்குலம் வீதம் இரண்டு தவணையாகப் பரப்பி, ஒவ்வொரு தவணையும் தண்ணீர் தெளித்து ரோலர் ஓட்டுங்கள். கைப்பிடி எடுத்து இறுக்கினால் உருண்டை நிற்க வேண்டும், கை நனையக் கூடாது, அதுதான் பதம். ஆறு அங்குலத்தையும் ஒரே தடவையில் கொட்டி டிப்பரையே ஓட்டி இறுக்கினால் சக்கரம் போகும் இடம் மட்டும் இறுகும், ஓரமும் நடுவும் மாவாக இருக்கும்.

அளவு: 10 அடி அகலம், 300 அடி நீளம், ஆறு அங்குலக் கனம் என்றால் 1,500 கன அடி. இறுகியபின் இந்தக் கனம் நிற்க, கால் பங்கு கூட்டி 1,875 கன அடி, சுமார் 19 யூனிட் (யூனிட் என்பது 100 கன அடி) வாங்க வேண்டும். இரண்டு யூனிட் டிப்பரில் ஒன்பது, பத்து லோடு. ஒவ்வொரு லோடுக்கும் கனிமவளத் துறையின் நடைச்சீட்டு இருக்கிறதா என்று கேளுங்கள். சீட்டில்லாத மண் மலிவாகத்தான் கிடைக்கும், வழியில் பிடித்தால் வண்டி போலீஸ் ஸ்டேஷனில் நிற்கும், உங்கள் வேலை பாதியில் நிற்கும்.

கிராவலின் தரத்தை ஒரு கண்ணாடி பாட்டிலில் பார்த்துவிடலாம். கால் பாட்டில் மண், மீதி தண்ணீர், குலுக்கி ஓர் இரவு வைக்க வேண்டும். அடியில் கல்லும் மணலும், மேலே களி என்று அடுக்கடுக்காகப் படியும். களி ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டினால் மழையில் சேறு. களியே இல்லாவிட்டால் கல் பிடிப்பில்லாமல் சிதறி, பைக் வழுக்கும்.

குறுக்கே ஓடை இருந்தால் ஹியூம் பைப் போட வேண்டும். மெல்லிய என்.பி.2 ரகம் வேண்டாம், லாரி ஏறினால் விரிசல் விடும், என்.பி.3 கேட்டு வாங்குங்கள். ஒரு பைப் எட்டடி நீளம், 12 அடித் தடத்துக்கு இரண்டு. இரண்டடி விட்டத்துக்குக் குறைந்தால் சருகும் தேங்காய் மட்டையும் அடைத்துக்கொள்ளும். 16 அடி நீளத்துக்கு இரண்டு அங்குலமாவது வாட்டம் (சரிவு) வையுங்கள், மேலே ஒன்றரை அடி மண் மூட வேண்டும், இரு வாயிலும் கல் கட்டு வேண்டும். கல் கட்டு இல்லாமல் விட்டால் முதல் வெள்ளம் பைப்பின் பக்கவாட்டு மண்ணை அரித்து, பைப்பை அந்தரத்தில் விட்டுவிடும்.

தண்ணீர் உங்கள் பக்கம்தான் வரும், மாற்ற முடியாது என்றால் வாசலுக்கு முன்பே பத்தடிக்குப் பத்தடி, ஆறடி ஆழக் குழி வெட்டிக் கல் நிரப்பாமல் விடுங்கள், சுற்றிலும் வேலி போட்டு. 17,000 லிட்டர் கொள்ளும். நிரம்பினால் எங்கே வழியும் என்பதையும் நீங்களே முடிவு செய்துவிடுங்கள்.

செலவைப் பிரிப்பது

"எல்லோரும் சமமாகப் போடலாம்" என்று கடைசி வீட்டுக்காரர் சொல்வார். முதல் தோட்டக்காரர் "எனக்கு எதுக்குங்க, நான் அம்பது அடிதான் வர்றேன்" என்பார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. வாசலுக்கு வாசல் துண்டு பிரித்து, ஒவ்வொரு துண்டின் செலவையும் அதைத் தாண்டிப் போகிறவர்கள் மட்டும் பங்கிடுவது சண்டை வராத வழி.

மூன்று வீடு, 200 அடிக்கு ஒன்று. துண்டுக்கு 30,000 ரூபாய் என்று வைப்போம். முதல் துண்டு மூவருக்கும், ஆளுக்கு 10,000. இரண்டாவது துண்டு இருவருக்கு, ஆளுக்கு 15,000. மூன்றாவது முழுக்கக் கடைசி வீட்டுக்கு. ஆக முதல் வீட்டுக்கு 10,000, இரண்டாவதற்கு 25,000, கடைசிக்கு 55,000. கடைசி வீடு வாங்குபவர், மலிவாகக் கிடைத்த விலையிலிருந்து இந்தப் பணத்தை முதலிலேயே ஒதுக்கி வைத்துவிட வேண்டும். வருடத்துக்கு ஒருமுறை பள்ளம் நிரப்ப, இரண்டுமுறை வேலி கவாத்து செய்ய ஆள்கூலி தனி.

கரண்டும் கைபேசியும்

தடத்தின் கடைசி என்றால் பெரும்பாலும் மின்பாதையின் கடைசியும் அதுதான். மூன்று ஃபேஸ் வந்ததும் எல்லாத் தோட்டத்து மோட்டாரும் ஒரே நேரத்தில் கிளம்பும், உங்கள் வீட்டு டியூப்லைட் கண் சிமிட்டும். ஒரு மல்டிமீட்டரை எடுத்துக்கொண்டு மாலை ஏழு மணிக்குப் பக்கத்து வீட்டு பிளக்கில் பாருங்கள். 220-க்கு மேல் என்றால் கவலையில்லை. 200-க்குக் கீழே என்றால் ஃபிரிட்ஜ் கம்ப்ரசரும் மோட்டாரும் சீக்கிரம் பழுதாகலாம். டிரான்ஸ்ஃபார்மர் எத்தனை கம்பம் தள்ளி இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். புதிய கம்பம் நட வேண்டுமென்றால் யார் நிலத்தில் நடுவது என்ற கேள்வி மறுபடி தடத்துப் பத்திரத்துக்கே வந்து சேரும்.

மீட்டர் வாசலிலும் வீடு 200 அடி உள்ளேயும் இருந்தால் கேபிளில் சிக்கனம் பார்க்காதீர்கள். 20 ஆம்பியர் ஓடும்போது 2.5 சதுர மி.மீ. செம்புக் கம்பியில் 18 வோல்ட் வழியிலேயே போய்விடும், 6 சதுர மி.மீ. என்றால் ஏழெட்டு வோல்ட்டோடு முடியும். கரண்ட் போனால் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம் எண் 94987 94987. மரம் விழுந்தது போன்றவற்றில் தெருவே இருட்டானால் உடனே ஆள் வரும். ஒரே ஒரு வீட்டுக்குக் கம்பி அறுந்தால் வரிசையில் காத்திருக்க வேண்டியதுதான். இன்வெர்ட்டர் பேட்டரியை அதற்கேற்ற அளவில் வாங்குங்கள்.

கைபேசி சிக்னலை வீடு கட்டப்போகும் இடத்தில் நின்று பார்க்க வேண்டும், தடத்து முனையில் இல்லை. இரண்டு மூன்று கம்பெனி சிம்மைப் போட்டுப் பாருங்கள்.

ஆபத்து நேரம்

108 வண்டி தடத்துக்குள் வந்துவிடும், பிரச்சினை எந்தத் தடம் என்பதில்தான். மேப்பில் உங்கள் வீட்டைக் குறித்து, பாதை சரியாகக் காட்டுகிறதா என்று தார் ரோட்டிலிருந்து ஒருமுறை ஓட்டிப் பாருங்கள். வயலுக்குள் விட்டு, வேலிக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் நிறுத்தும் மேப்புகள் உண்டு. ஒவ்வொரு பிரிவிலும் ஒளிரும் ஸ்டிக்கர் ஒட்டிய பலகை வையுங்கள், ஒரே பெயர், ஒரே திசைக்குறி. ராத்திரியில் கூப்பிட்டால் ஒருவர் டார்ச்சோடு தடத்து முனைக்குப் போய் நிற்க வேண்டும்.

இட்டேரி வேலி பாம்புக்கு நல்ல வீடு. நாகமும் மூன்று விரியன்களும் இந்தப் பக்கம் உண்டு. தடத்தின் இருபுறமும் இரண்டடி புல் வெட்டி வைப்பதும், இரவில் பூட்ஸும் டார்ச்சும் இல்லாமல் இறங்காததும் பாதிக் காப்பு. கடித்தால் கட்டுப் போடாமல், கீறாமல், கடிபட்ட காலை ஆட்டாமல் அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். விஷமுறிவு மருந்து இரவிலும் இருக்கும் மருத்துவமனை எது என்று குடிவந்த வாரமே விசாரித்து வையுங்கள்.

திருட்டையும் கொலையையும் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. 2024 நவம்பரில் பல்லடம் அருகே சேமலைக்கவுண்டன்பாளையத்தில் முதிய தம்பதியும் மகனும், 2025-ல் சிவகிரி அருகே ஒரு முதிய தம்பதியும் தோட்டத்து வீட்டில் கொல்லப்பட்டார்கள். தனியாக இருக்கும் வயதானவர்களைத்தான் குறி வைக்கிறார்கள். வயதான இருவரை மட்டும் கடைசித் தோட்டத்தில் விட்டுவிட்டுப் பிள்ளைகள் வெளியூரில் இருப்பது, எத்தனை கேமரா வைத்தாலும், நாங்கள் பரிந்துரைக்காத ஏற்பாடு.

இருந்தே ஆக வேண்டுமென்றால்: வெளி விளக்கு சுவரில் 10, 12 அடி உயரத்தில், வெளிப்பக்கம் பார்த்து, சுவிட்ச் படுக்கையறைக்குள். நாய் குரைத்தால் கதவைத் திறக்காமல் விளக்கைப் போட்டு ஜன்னல் வழியே பார்க்க வேண்டும். கேமரா பதிவு வீட்டுப் பெட்டியில் மட்டும் இருந்தால் பெட்டியையே தூக்கிப் போய்விடுவார்கள். சிம் போட்ட, சோலார் கேமரா ஒன்று பதிவை வெளியே அனுப்புவதாக இருக்கட்டும். இன்வெர்ட்டர் மெயின் வீட்டுக்கு வெளியே இருக்கக் கூடாது. உள்ளூர் ஸ்டேஷனின் ரோந்துப் பட்டியலில் வீட்டைச் சேர்க்கச் சொல்லுங்கள், காவல் உதவி செயலியைப் பெரியவர்கள் கைபேசியில் ஏற்றி, அழுத்திப் பழக்குங்கள். 112 எண்ணும் உண்டு. நாலு தோட்டத்துக்கும் ஒரு வாட்ஸ்அப் குழு இருந்தால் அது எல்லாவற்றையும்விட வேகம்.

வண்டி வழி ஒன்றுதான் என்றாலும் ஆள் வழி இரண்டு வைத்துக்கொள்ளலாம். பின்பக்கத் தோட்டக்காரரோடு பேசி, வேலியில் மூன்றடி கதவு ஒன்று, சாவி இருவரிடமும். தடத்தில் மரம் சாய்ந்தால், தட்டுப் போரில் தீப்பிடித்தால், முன் தோட்டத்தில் துக்கம் நடந்து பந்தல் போட்டு அடைத்தால் வெளியே போக அது வேண்டும். அதை உரிமையாகக் கேட்காதீர்கள், உதவியாகக் கேளுங்கள், கிடைத்துவிடும்.

சில்லறைச் சங்கதிகள்

தடம் நேராக வந்து வீட்டு வாசலில் முட்டினால் தெருக்குத்து என்று விலை பேசுவார்கள். நம்பிக்கை உங்கள் இஷ்டம். ஆனால் இரவில் திரும்பும் ஒவ்வொரு வண்டியின் வெளிச்சமும் படுக்கையறை ஜன்னலில் அடிப்பது நம்பிக்கை சார்ந்ததல்ல. வாசலைத் தடத்தின் நேர்க்கோட்டிலிருந்து 15 அடி தள்ளி வைத்து, முட்டும் இடத்தில் நாலைந்து வேம்போ புங்கனோ நட்டுவிட்டால் இரண்டு கணக்கும் தீரும். நீங்கள் விற்கும்போது வாங்க வருபவர் வாஸ்து பார்ப்பவராக இருக்கலாம் அல்லவா.

பள்ளி வேன், கேஸ் சிலிண்டர், கூரியர் மூன்றும் தடத்து முனையோடு நிற்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். குப்பை வண்டி வராது. மக்குவதற்குக் குழி, மக்காததற்குச் சாக்கு, வாரம் ஒருமுறை ரோட்டுக்கு எடுத்துப்போக ஆள்.

தடத்தை ஊராட்சிக்குக் கொடுக்கலாமா?

தனியார் தடத்தில் ஊராட்சி தார் போடாது, தெருவிளக்கும் போடாது. எல்லோரும் சேர்ந்து தடத்தைத் தானப் பத்திரமாக எழுதிக் கொடுத்தால் அது ஊராட்சிச் சாலை. பிறகு கிராம சபையில் மனு கொடுத்துத் தீர்மானம் போட வைக்கலாம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்துக்கு ஆறு சபை. நிதி வர வருடக்கணக்கில் ஆகும், ஆனால் வழித் தகராறு அன்றோடு ஒழிந்தது. வங்கிக் கடனும் எளிதாகும்.

அதற்கு விலை உண்டு. பொதுச் சாலையில் கேட் போட முடியாது. பின்பக்க நிலத்தை வாங்கி மனை பிரிக்க வருபவர் முதலில் தேடுவது இப்படி ஒரு ஊராட்சிச் சாலையின் முடிவைத்தான். அவர் நிலத்தைத் தொட்டதும் தடம் திறந்துகொள்ளும், அதோடு கடைசி வீட்டின் அமைதியும் போகும். எனவே தானமாகக் கொடுக்கும் நீளம் உங்கள் வாசலோடு, சர்வே கல் வைத்து அளந்த இடத்தோடு முடியட்டும். பின் எல்லைவரை எழுதிவிடாதீர்கள். பின்னால் இருப்பது யார் நிலம், எத்தனை ஏக்கர், விற்கும் பேச்சு ஓடுகிறதா என்று பத்திரம் எழுதும் முன்பு ஊரில் டீக்கடையில் விசாரியுங்கள். ஆபீஸில் தெரிவதற்கு ஒரு வருடம் முன்பே அங்கே தெரிந்திருக்கும்.